பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லோடு அடிப்பது என் தொழில். இதுவரை நான்கு பிக்கப் வாங்கியிருக்கிறேன். நான்கும் கைமாறி வந்த வண்டிகள்தான். மூன்று வண்டிகள் சோறு போட்டன, ஒன்று எட்டு மாதம் அலைய விட்டது. "அண்ணே, ஒரு வண்டி வந்திருக்கு, வந்து பாத்துச் சொல்லுங்களேன்" என்று வாரத்துக்கு ஒரு தம்பியாவது கூப்பிடுகிறான். எல்லாரோடும் போக முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் லோடு ஓட்டிப் பிழைக்க வண்டி தேடுபவர்களுக்கு உதவும்.

குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப்: எதை எடுப்பது?

என்ன லோடு, எந்த ரோடு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வண்டி அதற்கு அப்புறம்தான்.

குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்தது. ரொம்ப வருடம் ஓடிய அந்தப் பழைய டீசல் இன்ஜின் இரண்டு சிலிண்டர், 702 சிசி. முக்கால் டன்னுக்குள் ஏற்றி ஊருக்குள்ளேயே ஓட்டினால் அதைப் போலச் சிக்கனம் கிடையாது. தண்ணீர் கேன், மளிகை, பர்னிச்சர் கடை டெலிவரிக்கு அது போதும். ஆனால் ஒன்றே கால் டன் தக்காளியை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறச் சொன்னால் அந்த வண்டிக்கு நாம் செய்வது அநியாயம். ஏஸில் பெட்ரோல், சிஎன்ஜி வகைகளும் வந்துவிட்டன. டீசல்தானா என்று ஆர்சியில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது, ஓசூரில் தயாராகும் வண்டி. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் காமன் ரெயில் இன்ஜின். ஒன்றே கால் டன் வரை ஏற்றி நல்ல ரோட்டில் ஓடுபவர்களுக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. தோட்டம், மண் பாதை, வாய்க்கால் வரப்பு என்றால் மஹிந்திரா பொலேரோ பிக்கப். நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இன்ஜின், உரமான சேஸ். எங்கே நின்றாலும் பக்கத்து ஊரில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கும். பழைய வண்டி வாங்குபவருக்கு மைலேஜை விட இது முக்கியம்.

பிஎஸ் 4 வாங்கலாமா, பிஎஸ் 6 வாங்கலாமா?

பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த அளவுகோல். 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டி பிஎஸ் 6. அதற்கு முந்தைய மூன்று வருடத்து வண்டிகள் பிஎஸ் 4.

பிஎஸ் 6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சைலன்சர் லைனில் இருக்கும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் தொடர்ந்து ஓடினால் சைலன்சர் சூடேறி அந்தக் கரி தானாக எரிந்துவிடும். நாள் முழுக்க இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று, இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று பிழைக்கும் வண்டியில் கரி எரிய வாய்ப்பே இல்லை. அடைத்துக்கொள்ளும், மீட்டரில் லைட் எரியும், வண்டி இழுக்காது. புது வடிகட்டியின் விலை கேட்டால் நெஞ்சு பதறும். சிலர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்து விற்கிறார்கள். அது சட்டப்படியும் தப்பு, புகைச் சோதனையிலும் மாட்டும். பிஎஸ் 6 வண்டி பார்க்கும்போது சைலன்சர் லைனில் புது வெல்டிங் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஊருக்குள்ளேயே குட்டி ஓட்டம், கையில் பணமும் குறைவு என்றால் நல்ல பிஎஸ் 4 வண்டி தேடுங்கள். நீண்ட தூரம், பல வருடம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் பிஎஸ் 6.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியை வாங்கலாம்?

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது, "அது எதைச் சுமந்து ஓடுச்சு?" என்பதை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் பால் ஏற்றிய வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். எண்பதாயிரம் கிலோமீட்டர் எம்சாண்ட் ஏற்றிய வண்டியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூட மாட்டேன்.

பால் வண்டிக்குத் தினமும் ஒரே ரூட், ஒரே எடை. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பால் திரிந்துவிடும் என்பதால் முதலாளி சர்வீஸைத் தள்ளிப்போட மாட்டார். மணல், ஜல்லி, செங்கல் வண்டிக்கு எடை மேடை கிடையாது. தொட்டி நிறையும் வரை மண்வெட்டியால் அள்ளிப் போடுவார்கள். பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு), கிளட்ச் எல்லாம் அந்தச் சுமையை வாங்கியிருக்கும்.

மீன் வண்டி தனி ரகம். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சேஸில் சொட்டிக்கொண்டே வந்திருக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கீழே சேஸின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினால் துரு அப்பளம் போல உதிரும். அப்படி உதிர்ந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழி வண்டிகளிலும் எச்சம் ஊறி ஊறித் தொட்டித் தகடு அரித்திருக்கும். ஆனால் தகடு மாற்றிக்கொள்ளலாம், சேஸை மாற்ற முடியாது.

மலை வண்டி என்றால் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். அதற்கான செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

எதை ஏற்றியது என்று ஓனரிடம் கேட்டால் "வீட்டுச் சாமான்தாங்க" என்பார். தொட்டியைப் பாருங்கள். மூலைகளிலும் பலகை இடுக்கிலும் பழைய லோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெங்காயச் சருகு, சிமெண்ட் தூள், மீன் வாடை என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். டிரைவரோ கிளீனரோ பக்கத்தில் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை.

மீட்டரைக் குறைத்து வைத்திருந்தால் எப்படித் தெரியும்?

கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். எழுபதாயிரம் காட்டும் வண்டியில் ரப்பர் மழுங்கி இரும்பு தெரிந்தாலோ, ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்கில் கை வைக்கும் இடம், கியர் ராடின் குமிழ், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஓனரையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் காட்டுவார்கள். வரமாட்டேன் என்று அவர் சொன்னால் அதுவே பதில்.

மெக்கானிக் இல்லாமல் இன்ஜினைப் பார்க்க முடியுமா?

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தாலும் தகும். ஆனால் முதல் தடவை நீங்களே பார்த்து, தேறாத வண்டியைக் கழித்துவிடலாம்.

காலையில் போங்கள், அதுவும் சொல்லாமல் சீக்கிரமாகப் போங்கள். ஒருமுறை தாராபுரம் பக்கத்தில் ஒரு பிக்கப் பார்க்க ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போய் இறங்கியதும் பானெட் மேல் கை வைத்தேன். மார்கழிக் குளிரில் பானெட் இட்லிச் சட்டி போலச் சுட்டது. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டு, மறுநாள் ஐந்து மணிக்கே போய் நின்றேன். செல்ஃப் அடித்தார்கள், அடித்தார்கள், பேட்டரி இறங்கும் வரை அடித்தார்கள். நான்காவது தடவை உதறிக்கொண்டு கிளம்பியது. வெள்ளைப் புகையில் பக்கத்திலிருந்த தொழுவம் மறைந்துபோனது. கம்ப்ரஷன் போன இன்ஜின். சூடாக இருக்கும்போது எந்த டீசல் இன்ஜினும் ஒரே செல்ஃபில் எடுக்கும். அதன் உண்மையான உடம்பு குளிரில்தான் தெரியும்.

ஸ்டார்ட் ஆனபின் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே இடத்தில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக ஆவி வருவது சாதாரணம். மூடி துள்ளினாலோ, கெட்டில் மாதிரி குபுகுபுவென்று அடித்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருப்பதற்குப் பயப்படாதீர்கள், டீசல் இன்ஜின் ஆயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். காபி போலப் பழுப்பும் நுரையுமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள் (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்). தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். இன்ஜின் முழுக்கப் பளிச்சென்று தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தாலும் எனக்குப் பிடிக்காது. கசிவு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அடியில் பாருங்கள்.

டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லி உள்ளே விரல் விடுங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், வழியக் கூடாது.

புகையின் நிறத்தை வைத்து என்ன தெரியும்?

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். ஃபில்டர் மலிவு, காமன் ரெயில் இன்ஜெக்டர் மலிவு இல்லை. வெள்ளை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் சரி, இன்ஜின் சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் வேண்டாம்.

சேஸில் எதைப் பார்க்க வேண்டும்?

டார்ச் லைட், பழைய துணி, ஒரு பாட்டிலில் கொஞ்சம் டீசல், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வெட்கப்படாதீர்கள்.

ஓவர்லோடு அடித்த சேஸ் பெரும்பாலும் இரண்டு இடத்தில் விரியும். ஒன்று கேபினுக்குப் பின்னால் தொட்டி ஆரம்பிக்கும் இடம். இன்னொன்று பின்பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சேஸில் சேரும் இடம். நான் பார்த்த ஒரு வண்டியில் சேஸ் முழுக்க முந்தாநாள் அடித்த கறுப்பு பெயிண்ட். துணியை டீசலில் நனைத்துப் பிராக்கெட் பக்கம் அழுத்தித் துடைத்தேன். பெயிண்ட் வழித்துக்கொண்டு வந்தது. அதன் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தையல், அதன் ஓரமாகவே முடி அளவுக்கு ஒரு புது விரிசல். ஓனர் பையன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அது தெரியாமல் இருந்திருக்கலாம். அவனும் அந்த வண்டியைப் பழசாக வாங்கியவன்தான். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். ஒர்க்ஷாப் வெல்டிங் கட்டி கட்டியாக நிற்கும். இரண்டு தடவை கண்ணால் பார்த்தால் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

பட்டைகளை எண்ணுங்கள். பின்பக்கம் கம்பெனி கொடுத்ததை விடக் கூடுதலாக ஒன்றிரண்டு போட்டிருந்தால் அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். வண்டி காலியாகச் சமதரையில் நிற்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை படுத்துவிட்டது, அல்லது சேஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

சேஸ் நம்பரையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். துரு தட்டி, துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஆர்சியோடு ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி கிரைண்டர் போட்ட தழும்போ, ஒரு எழுத்து மட்டும் ஏறி இறங்கியோ இருந்தால் அந்த வண்டிக்கு இலவசமாகக்கூட ஆசைப்படக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன கவனிப்பது?

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பாதி விஷயம்தான் தெரியும். முடிந்தால் ஒரு லோடோடு ஓட்டுங்கள், மேடு ஏற்றுங்கள். மூன்றாவது கியரில் மேட்டில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து "ஊ..." என்று ஊளை கேட்டால் கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்). கியர் போட்டு எடுக்கும்போது "டொக்" என்று அடித்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட். ஜாயின்ட் சின்னச் செலவு, கிரவுன் பெரிய செலவு. ஆளில்லாத நேரான ரோட்டில் பிரேக் பிடித்து, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, ஓனரின் பேச்சையும் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

டயர்?

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23வது வாரத்தில் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரை லோடுக்கு நம்பாதீர்கள். முன்னால் ரீட்ரெட் டயர் ஓடினால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் மட்டும்தானா, கிங்பின், புஷ் வரை போயிருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?

ஆர்சி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று. வண்டிக்குத் தேவைப்பட்டால் பர்மிட். ஓனர் காட்டும் ஜெராக்ஸை மட்டும் நம்பாமல் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஃப்சி, இன்சூரன்ஸ் எதுவரை, ஹெச்பி (வண்டி மேல் கடன் இருப்பதற்கான குறிப்பு) இருக்கிறதா என்று தெரியும். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். திருட்டு வண்டியா என்று தெரிந்துகொள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது.

எஃப்சி பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். லோடு வண்டிக்குப் புதிதாகப் பதிவானதும் இரண்டு வருடம். அதன்பின் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டு வயது தாண்டினால் வருடாவருடம். ஆக ஒன்பது வயது வண்டியை வாங்கினால் ஒவ்வொரு வருடமும் டிங்கரிங், பெயிண்டிங், லைட், ஒளிரும் பட்டை, ஸ்பீடு கவர்னர் என்று எல்லாவற்றையும் சரி செய்து காட்ட வேண்டும். எஃப்சிக்காக வண்டி நிற்கும் நாட்களில் வாடகையும் போகும். பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு எஃப்சி கட்டணமே பல மடங்கு. பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. "எஃப்சி இந்த மாசம் முடியுது, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று விற்பவர் சொன்னால், "அப்ப நீங்களே எடுத்துக் கொடுங்க, அந்தக் காசையும் சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிரச்சினை இருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பைனான்ஸ் பாக்கி இருக்கும் வண்டியை வாங்கலாமா?

என்னை எட்டு மாதம் அலைய விட்ட வண்டி இதனால்தான் வந்தது. விற்றவர் தெரிந்தவர், ஒரே சந்தைக்காரர். "கடன் முடிஞ்சிருச்சு, என்ஓசி அடுத்த வாரம் வந்துரும்" என்றார். என்ஓசி என்பது கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸ் கம்பெனி தரும் சான்று. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். கடைசி இரண்டு தவணையும் அதற்கு ஏறிய அபராத வட்டியும் பாக்கி இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் கட்டவில்லை, பைனான்ஸ் கம்பெனி என்ஓசி தரவில்லை, ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்ற முடியவில்லை. ஒருநாள் அதிகாலை செம்பட்டி ரோட்டில் தக்காளி லோடோடு வண்டியைப் பிடித்துவிட்டார்கள். லோடை வேறு வண்டிக்கு மாற்றுவதற்குள் பாதி கசங்கிப்போனது. கடைசியில் அந்தப் பாக்கியை நானே கட்டி மீட்டேன்.

ஆகவே ஆர்சியில் ஹெச்பி என்று இருந்தால், கம்பெனியின் என்ஓசியும் கையெழுத்தும் முத்திரையும் வைத்த படிவம் 35ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். கடன் பாக்கி இருந்தால் விற்பவரையும் கூட்டிக்கொண்டு பைனான்ஸ் ஆபீஸுக்கே போய், முடிக்க வேண்டிய தொகையை எழுத்தில் வாங்கி, அதை நேராக அங்கேயே கட்டிவிட்டு மிச்சத்தை ஓனருக்குக் கொடுங்கள். தவணை கட்டாமல் கம்பெனி பிடித்து ஏலம் விடும் சீஸ் வண்டிகள் விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். தவணை கட்ட முடியாமல் தவித்தவர் ஆயில் மாற்றியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். முதல் வண்டி வாங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சொந்தத் தோட்டத்துக்கு மட்டும்தான். வெள்ளை போர்டு போட்டுக்கொள்ளலாமா? பேட்ஜ் வேண்டுமா?

லோடு பிக்கப் போக்குவரத்து வாகனமாகத்தான் பதிவாகும். சொந்தச் சரக்கை ஏற்றினாலும் மஞ்சள் போர்டுதான், எஃப்சியும் உண்டு. வெள்ளை போர்டில் ஓடும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் வேறு ரகம், வேறு விலை.

பர்மிட்டைப் பொறுத்தவரை, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு தருகிறது. ஆர்சியில் மொத்த எடை என்ன என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலேயே ஒன்று இந்த வரம்புக்கு உள்ளேயும் இன்னொன்று வெளியேயும் இருக்கும்.

பேட்ஜ் என்பது போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி. அந்த விஷயத்தில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்குள் வரும் போக்குவரத்து வாகனத்தையும் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம். நாம் பேசும் பிக்கப் எல்லாம் அதற்குள் அடங்கும்.

கூலி ஆட்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவதை மட்டும் செய்யாதீர்கள். களை எடுக்கப் போன பெண்கள் தொட்டியிலிருந்து ரோட்டில் விழுந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி ஏற்றிச் சென்று விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

என்ன விலை கேட்கலாம்?

ஐந்து வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் வைக்கும் கணக்கு ஒரு தொடக்கம். புது வண்டி விலையிலிருந்து ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 சதவீதம் கழிப்பார்கள். பாலிசியில் ஐடிவி என்று போட்டிருக்கும் தொகை அதுதான். சந்தை விலை அதற்கு மேலும் கீழும் போகும். பொலேரோ பிக்கப் போல ஆள் தேடும் வண்டி மேலேயே நிற்கும். ஆனாலும் பேச்சை ஆரம்பிக்க உங்களிடம் ஒரு எண் இருக்கும்.

அதிலிருந்து, வாங்கிய முதல் மாதம் உங்கள் கையிலிருந்து போகப்போவதைக் கழியுங்கள்: நான்கு டயர், பேட்டரி, எஃப்சி வேலை, இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, இந்த எடைப் பிரிவுக்கு 2022இல் அறிவித்த விகிதப்படி, வரி நீங்கலாக 16,049 ரூபாய். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

புரோக்கர் கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், பேப்பரில் குறை இருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பழைய வண்டிக்கு 12 சதவீத வட்டியில் கடன் தருகிறார்கள். எடுக்கலாமா?

ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். மூன்று லட்சம், மூன்று வருடம், 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய், மாதத் தவணை 11,333 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு மூன்று லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். குறையும் அசல் கணக்கில் பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 21 சதவீதம். தம்பிகளில் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடும், தவணை அதன் வருமானத்தைத் தின்றுவிடும். ஆடி மாதம் வாடகை மந்தமாக இருக்கும்போதும் அந்தத் தவணை உங்களால் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெயர் மாற்றாமல் கொஞ்ச நாள் ஓட்டினால் என்ன?

விபத்து நடக்காத வரை ஒன்றும் தெரியாது. நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. விற்றவர் கோர்ட்டுக்கு அலைவார். உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டால், பாலிசி உங்கள் பெயரில் இல்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தைப் பணம் கைமாறும் அன்றே வாங்கிவிடுங்கள். பெயர் மாற்ற 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பாலிசி மாற்ற 14 நாள். வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால் முதலில் அந்த ஆர்டிஓவின் என்ஓசி, படிவம் 28, கைக்கு வரட்டும். விற்பவர் பெயரும் ஆர்சியில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், ஆர்சிக்காரரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் முதல் வேலை என்ன?

லோடு பிடிக்க ஓடாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றுங்கள். கியர் பாக்ஸ், கிரவுன் ஆயிலும் அப்படியே. பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவிருக்காது. கூலண்ட்டை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். ரேடியேட்டர் குழாய்களை அமுக்கிப் பார்த்து, வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீஸ் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், எத்தனை இடத்தில் அடிக்க வேண்டும் என்று எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, அன்றைய தேதியையும் மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரையும் முதல் வரியில் எழுதுங்கள். டீசல் அடித்தது, ஆயில் மாற்றியது, ஏற்றிய லோடு எல்லாம் அதில் ஏறட்டும். நீங்கள் விற்கும் நாளில் வாங்க வருகிற தம்பி கையில் அந்த நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.